ஓரத்தில் நின்ற ஆட்டக்காரன்

வைட்ஹேவன், கம்பர்லாந்து
1928 அக்டோபர் 14

தம்பி இர்வினுக்கு,

சேத் எழுதுகிறேன். அப்பாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆகிறது. "தொப்பிய எடுத்துக்கிட்டு கிளம்பு" என்று நீ என்னை வீட்டை விட்டு அனுப்பியும் ஒன்பது நாள். சுரங்கத்தின் விளக்கறையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கண்ணாடி துடைக்கிறவனுக்கு யோசிக்க நேரத்துக்குக் குறைவில்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, உன் மனைவி ஆடா எதிரிலேயே, அந்தப் பேச்சை எடுத்தது தப்புதான். இடம் தப்பு. பேச்சு தப்பில்லை.

கல்லறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெட்டியை இறக்க நாலு பேர் கயிறு பிடித்தோம். தலைமாட்டில் நீயும் நானும், கால்மாட்டில் உன் தீயணைப்பு ஜோடி லிஸ்டரும் சித்தப்பாவும். பாதியில் குழி வெட்டுகிறவர் கையைக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் நிறுத்தினோம். நீ நிறுத்தவில்லை. உன் கை ஒழுங்காக, நிதானமாக, கயிற்றை விட்டுக்கொண்டேயிருந்தது. பெட்டி உன் பக்கம் சாய்ந்தது. உள்ளே அப்பா நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. நீதான் அங்கே இல்லை.

லிஸ்டர் தன் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு எட்டி உன்னுடையதைப் பிடித்தான். ஒரு நிமிஷம் கழித்து நீ திரும்பி வந்தாய். உன் கயிறு அவன் கைக்கு எப்படிப் போனது என்று பார்த்தாய். துக்கத்தில் பையன் உறைந்துபோய்விட்டான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது துக்கமில்லை என்று தெரியும். லிஸ்டருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவன் பிடித்த வேகம் அப்படி.

நீ தீயணைப்பு வீரன். ஏணி மேல் நிற்கிறாய், புகைக்குள் போகிறாய். உன் தலைவர் கிராப்ட்ரீயிடம் போய் உண்மையைச் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

சேத்

ஸ்கெல்தார்ப் தீயணைப்பு நிலையம்
அக்டோபர் 21

அண்ணனுக்கு,

விளக்குத் துடைக்கும் வேலையில்தான் இருக்கிறாயா, இல்லை உங்கள் ஊர் சர்ச்சில் பிரசங்கம் பண்ணுகிற வேலையும் சேர்த்து வாங்கிக்கொண்டாயா? ஆடா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடைசியில் "ஆமென்" மட்டும்தான் பாக்கி என்றாள்.

அன்றைக்கு மழை. கயிறு நனைந்திருந்தது. கை வழுக்கியது. முடிந்தது கதை. அப்பாவைப் பற்றி அந்தச் சத்தத்தை எழுதியிருக்க வேண்டாம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ ஊரை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து போகிறவனுக்கு என்ன தெரியும்? போன மாதம் மில் தெருவில் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண்பிள்ளையைத் தோளில் போட்டு இறக்கினேன். என்னைவிடக் கனமான பெண்பிள்ளை. வழி முழுக்கத் தன் பூனையை எடுத்துவரச் சொல்லிக் காதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் எங்கேயாவது காணாமல் போனேனா? இல்லை. பூனைக்குக்கூட மறுபடி ஏறினேன்.

இனி நிஜமாகவே பேசுவோம். நிலையத்துக்குப் பின்னால் உள்ள வரிசையில் எங்களுடையது ஆறாவது வீடு. கட்டிலுக்கு மேல் சுவரில் மணி. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் அடுத்த வாரத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று பெண் குழந்தைகள். எனக்குப் பந்து பிடிக்கத் தெரியும், துப்பாக்கி பிடிக்கத் தெரியும், தண்ணீர்க் குழாய் பிடிக்கத் தெரியும். முதல் இரண்டுக்கும் இப்போது என்னைக் கேட்பார் யாருமில்லை. பாதி மில்கள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகின்றன. நான் எந்த வாசலில் போய் நிற்பேன், நீயே சொல்.

நீ இப்போது கேப்டன் இல்லை, அண்ணா. களத்தில் கத்தினாய், கேட்டோம். அது முடிந்துபோனது.

இர்வின்

வைட்ஹேவன்
அக்டோபர் 28

இர்வினுக்கு,

கேப்டன் பேச்சை நீதான் எடுத்தாய். அதனால் எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

1920 பிப்ரவரியில் நடந்த அந்த ரக்பி மேட்ச். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய முன்வரிசை ஆள் ஒருவனின் முழங்கால் உன் தலையில் இடித்தது. நீ விழுந்து கிடந்தாய், கை கால் அசையவில்லை. வாளியும் பஞ்சுமாக ஓடிவந்த கிழவர் உன் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேத், இவன் இன்னிக்கு அவ்வளவுதான். வெளிய கொண்டுபோயிடலாம்" என்றார்.

நான் சொன்னது இது: "வெளிய போனா பன்னெண்டு பேர்தான். நிக்க முடிஞ்சா நிக்கட்டும். ஓரத்துல நிறுத்துங்க."

எந்தக் கேப்டனும் அதைத்தான் சொல்லியிருப்பான். மாற்று ஆள் கிடையாது. கை உடைந்தவனையும் விலா போனவனையும் ஓரத்தில் நிறுத்துவதுதான் நம் ஆட்டத்தின் வழக்கம். அங்கே பந்து அதிகம் வராது, கணக்குக்கு ஆளும் குறையாது. அன்றைக்கு வந்தது. நீ வாங்கினாய், அறுபது கஜம் ஓடினாய், கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை வைத்தாய். ஊரே அதை இன்றைக்கும் பேசுகிறது. நீயும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாய்.

ஆனால் மேட்ச் முடிந்து லிஸ்டர் உட்படப் பதின்மூன்று பேரும் பெரிய தொட்டியில் இறங்கிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீ என் காதோரம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அண்ணா, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டாய். அந்த ட்ரை உனக்கு நினைவில்லை. பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாய். அதற்கு மூன்று வருஷம் முன்னால் பிரான்சில் குண்டு விழுந்து நீ மண்ணுக்குள் போனதும், லிஸ்டர் வெறும் கையால் தோண்டி உன்னை எடுத்ததும் உன் தலை வாங்கிய முதல் அடி. இரண்டாவதை வாங்கிக்கொடுத்தவன் நான்.

இதைச் சொல்லிவிட்டு உன்னைச் சும்மா விட என்னால் முடியாது. மாதக் கடைசிக்குள், இல்லை அடுத்த வாரத்துக்குள், நீ கிராப்ட்ரீயிடம் சொல். சொல்லாவிட்டால் நான் அவருக்கு எழுதுவேன். உன் வீடு போகட்டும். நீ போவதைவிட அது மேல்.

சேத்

ஸ்கெல்தார்ப்
நவம்பர் 6

அண்ணா,

எழுதாதே. முதலில் இதைப் படி.

லிஸ்டரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்கள் இரண்டு பேரும் குழாய்களைக் கோபுரத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. சொல்வதற்கு முன் மூன்று தரம் இருமினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்டா. நீ அப்பப்ப எங்கயோ போயிட்டு வர்ற. வர்ற வரைக்கும் நான் எதையாவது பேசிட்டு நிப்பேன். யாருக்கும் தெரியாது" என்றான். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். பிரான்சிலிருந்தே என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. குழாய்த் தண்ணீர் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கிராப்ட்ரீயிடம் போகத் தேவையில்லை என்கிறான். "அடிபட்டவன நாம என்ன பண்ணுவோம்? ஓரத்துல நிறுத்துவோம். அதையே பண்ணலாம்" என்றான். ஏற்பாடு இதுதான். எங்கள் வண்டியில் அவனும் நானும் ஜோடி. புகைக்குள் போக ஒரு தலைக்கவசம் இருக்கிறது, துருத்தி மிதித்து நீளக் குழாய் வழியாக அதற்குக் காற்று அனுப்புவார்கள். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவனின் இடுப்பில் கயிறு. வெளியே ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பான். ஒரு இழுப்பு என்றால் நலமாக இருக்கிறேன், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் என்னை வெளியே இழு. இதுவரை முறை வைத்து மாறி மாறிப் போனோம். இனிமேல் உள்ளே எப்போதும் லிஸ்டர், வெளியே எப்போதும் நான். ஏணி வேலையும் அவனுடையது. கிராப்ட்ரீக்கு யார் போனால் என்ன, போனால் சரி.

ஆக, நான் இனிப் புகையைப் பார்க்கப்போவதே இல்லை. தெருவில் நின்று கயிறு பிடிக்கிற கிழவன் ஆகிவிட்டேன். திருப்தியா?

ஆடா இத்துடன் இஞ்சிக் கேக் அனுப்பியிருக்கிறாள். நேற்று ஊரெல்லாம் நவம்பர் ஐந்தின் சொக்கப்பனை, எங்களுக்கு ஏழு தீ அழைப்பு. கையெழுத்து கோணலாக இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தேநீர் ஊற்றும்போது கோப்பை நிரம்பி வழிந்து கையில் கொட்டிக்கொண்டேன். ஆடா கத்திய பிறகுதான் நிறுத்தினேனாம். எங்கேயோ யோசனை.

இர்வின்

வைட்ஹேவன்
நவம்பர் 11

தம்பி இர்வினுக்கு,

இன்று போர் நின்ற நாள். பதினொரு மணிக்குச் சுரங்க வாசலில் எல்லாரும் இரண்டு நிமிஷம் தொப்பியைக் கழற்றி நின்றோம். அந்த இரண்டு நிமிஷமும் நம் படைப்பிரிவில் செத்தவர்களை நினைக்கவில்லை. உயிரோடு இருக்கிற உங்கள் இரண்டு பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல ஏற்பாடு. லிஸ்டருக்கு என் நன்றியைச் சொல். அவன் மாதிரி ஆள் பக்கத்தில் இருக்கும்போது நான் பயந்தது அதிகம்தான். கிராப்ட்ரீக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

கேக் நன்றாக இருந்தது. கைக்கு வெண்ணெய் தடவாதே, சுத்தமான துணியைச் சுற்று.

சேத்

ஸ்கெல்தார்ப்
டிசம்பர் 12

அண்ணா,

உன் உடம்பு எப்படி? முழங்கால் பனியில் வலிக்கிறதா? நம் டீம் தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றிருக்கிறது. புதிதாக வந்த பாதிப்பேர் சேற்றைக் கண்டாலே தாண்டிக் குதிக்கிறார்கள்.

ஏற்பாடு நன்றாகப் போகிறது. மூன்று வேலை முடித்தாயிற்று. இரண்டில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது ஒரு தறிக்கூடத்தின் நிலவறை. அதில் ஒரு சின்னக் கூத்து. லிஸ்டர் வேலையை முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே திரும்பி வந்தான். வந்தவன் காலில் கயிறு சுற்றி முகம் குப்புற விழுந்தான். நான் தேவைக்கு மேல் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. இருபது கஜத்துக்கு மேல் உள்ளே துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கிக் கிடந்ததாம். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "நான் உள்ள போனதும் நீ வீட்டுக்குப் போயிட்டியாடா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அப்புறம் வண்டியில் வரும்போது அவன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். களைப்பாக இருக்கும்.

பெண்கள் மூவரும் கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா என்று கேட்கிறார்கள். சின்னவளுக்கு நீ யார் என்பது இன்னும் குழப்பம்தான், பெரியப்பா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இர்வின்

வைட்ஹேவன்
டிசம்பர் 16

இர்வினுக்கு,

அது கூத்து இல்லை. அதை நீ எனக்கு வேடிக்கையாக எழுதியிருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நீ அவ்வளவு கயிறு விட்டது உனக்கு நினைவிருக்கிறதா? அதை மட்டும் எழுதவேயில்லை.

புத்தாண்டு மேட்சுக்கு வருகிறேன். ஒன்றாம் தேதி காலை ரயிலில் வந்து சேர்வேன். நீ, நான், லிஸ்டர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, மூன்று பேருமாகக் கிராப்ட்ரீயிடம் போவோம். இப்போதே அவருக்கு எழுதலாம். மைப்புட்டியைத் திறந்து வைத்தேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று குழந்தைகளைத் தெருவில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை. இரண்டு வாரம். அதுவரை முதுகு வலி என்று சொல்லிப் படு. கயிற்றைத் தொடாதே.

சேத்

வைட்ஹேவன்
1929 ஜனவரி 9

இர்வின்,

டிசம்பர் 28 மத்தியானம் ஆடாவின் தந்தி வந்தது. மேட்சுக்கு வர வேண்டியவன் லிஸ்டரின் அடக்கத்துக்கு வந்தேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. கல்லறையிலும் பார்க்கவில்லை, மறுநாள் விசாரணை மண்டபத்திலும் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் கட்டு. ஊர்க்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பழந்துணி அரைக்கும் மில்லில், கந்தல் மூட்டைகள் புகைந்துகொண்டிருக்கும்போது, கவசம் எதுவும் இல்லாமல் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி நண்பனின் உடலைத் தூக்கிவந்தவன் என்று பத்திரிகையில் உன் படம். அது உண்மைதான், மறுக்கவில்லை. நீ எப்போதும் தைரியசாலி.

ஆனால் நான் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். துருத்தி மிதித்தவன் தன் வேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கிராப்ட்ரீ கட்டடத்தின் பின்பக்கம் இருந்ததாகச் சொன்னார். உன்னை எழுப்பிக் கேட்டார்கள். "கயிறு என் கையில் இருந்தது. மூன்று இழுப்பு வரவேயில்லை" என்றாய். காற்றுக் குழாய் உள்ளே எதிலோ சிக்கிக் கிழிந்திருந்ததையும், கதவுக்கு உள்ளே கயிறு சுருள் சுருளாகக் கிடந்ததையும் சொன்னார்கள். கடைசியில் என்ன எழுதினார்கள்? லிஸ்டர் அளவுக்கு மீறிக் கயிறு கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே தூரம் போனான், வெளியே இழுக்கச் சொல்லிச் சமிக்ஞை தரவில்லை, தன் கவனக்குறைவால் இறந்தான். அவன் மனைவி கிளாரா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் அந்த வேலையில் ஒரு தப்பும் செய்யாதவனுக்கு அவர்கள் கொடுத்த சான்றிதழ் அது.

என்ன நடந்தது? ஆடாவைவிட்டு எழுதச் சொல்லாதே. பென்சிலைப் பல்லில் கடித்தாவது நீயே எழுது.

சேத்

ஸ்கெல்தார்ப்
ஜனவரி 20

அண்ணா

எழுத்து இப்படித்தான் வரும். கட்டு ஒரு கையில் அவிழ்த்துவிட்டார்கள்.

முதுகு வலி என்று சொல்லத்தான் இருந்தேன். 28ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன், கால் தானாக ஓடிவிட்டது. வண்டியில் ஏறிய பிறகு லிஸ்டரிடம் நீ எழுதியதைச் சொன்னேன். "சேத் ஒன்னாம் தேதி வர்றாரில்ல? நாலு நாள்தான. பாத்துக்கலாம்" என்றான்.

மில்லில் நெருப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் புகை, மஞ்சளாக. அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். ஒரு இழுப்பு வந்தது. அது நினைவிருக்கிறது. இரண்டு வந்தது, விட்டேன். அதுவும் நினைவிருக்கிறது. கயிறு என் கையில் ஓடிக்கொண்டிருந்தது, சொரசொரப்பாக. அப்புறம் கிராப்ட்ரீ என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவதுதான் முதலில் தெரிந்தது, சத்தம் பிறகு வந்தது. என் கை விட்டுக்கொண்டேயிருந்தது, அண்ணா. நடுவில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு உள்ளே ஓடினேன். அதைத் தைரியம் என்கிறார்கள். அவன் கதவிலிருந்து முப்பதடியில் கிடந்தான்.

அடுத்த சனிக்கிழமை மேட்சுக்கு முன் மைதானத்தில் என்னை நிறுத்திப் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள். மேயர் வருகிறார். கை ஆறியதும் என்னைத் தீயணைப்புக் குழுத் தலைவனாக்குவதாகக் கிராப்ட்ரீ சொல்லியிருக்கிறார். லிஸ்டர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று. என் ஜோடி அவன். கயிறு பிடிப்பதில் என்னைவிட அனுபவம் உள்ளவன் நிலையத்தில் கிடையாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உன்னிடம் என் கடிதங்கள் இருக்கின்றன. எரித்துவிடு. செத்தவனை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. என் குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

இர்வின்

வைட்ஹேவன்
ஜனவரி 23

தம்பி,

எரிக்க மாட்டேன். நான் உனக்கு எழுதியதை நீயும் எரிக்காதே. நவம்பர் 11ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துப் படித்துப்பார். "நல்ல ஏற்பாடு" என்று நான் எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் பெட்டி சாய்ந்ததைப் பார்த்தவன் நான். உன் கை எதைச் செய்கிறது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு, அதே கையில் ஒரு மனிதனின் கயிற்றைக் கொடுப்பதற்குச் சரி என்று எழுதியவன் நான். நீ உள்ளே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். உள்ளே போகிறவனை நினைக்கவேயில்லை. ஓரத்தில் நிறுத்தினால் ஆபத்து போய்விடும் என்று பதினெட்டு வயசிலிருந்து பழகிய புத்தி. லிஸ்டருக்கும் அதே புத்தி. இதை நான் எந்தக் கடவுளிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது புதிதாக ஒருவன் வருகிறான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஒரு வீடு அந்த வரிசையில் கொடுப்பார்கள்.

நான் கிராப்ட்ரீக்கு எழுதப்போவதில்லை. எழுதினால் நீ ஒருநாளும் சொல்லாதவனாகவே ஆகிவிடுவாய். சனிக்கிழமை வருகிறேன். உன் கடிதங்களையெல்லாம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேயர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அதற்கு முன் நீயே சொல்லியிருந்தால் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. சொல்லாமல் நீ அந்தப் புல்லில் கால் வைத்தால், நான் வாயைத் திறப்பேன். உன் கேப்டனாகச் சொல்லவில்லை. உன்னை அன்றைக்கு வெளியே போகவிடாதவன் சொல்கிறேன்: வெளியே வந்துவிடு.

சேத்

ஸ்கெல்தார்ப்
ஜனவரி 25, வெள்ளி

அண்ணா,

நாளை நீ மைதானத்துக்குப் போக வேண்டாம். நேரே வீட்டுக்கு வா. பதக்கம் இல்லை.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மதியம் வரை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குதிரை மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்தேன். பிறகு கிராப்ட்ரீயின் அறைக்குள் போய் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. தொட்டி, கல்லறை, தறிக்கூடம், மில், எல்லாம் சொன்னேன். "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். "எட்டு இருக்கும், சார். பதினொன்னாக்கூட இருக்கலாம்." அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் வழியாக, முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோடரியையும் இடுப்புப் பட்டையையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். விசாரணை அதிகாரிக்கு அன்றே எழுதுவதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்குள் வீட்டுச் சாவி வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

ஆடா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். என் படம் வந்த தாளும் அதில் ஒன்று.

அதன்பிறகு நாலாவது வீட்டுக்கு, கிளாராவிடம் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவளும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் வீடு போகிறது. என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலிமேல் இருந்த துணிகளை எடுத்து இடம் ஒதுக்கினாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும், இர்வின். ஓரத்துல நிறுத்தப்போறேன்னு அவரு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சாரு. நானும் சரின்னேன். ஆடாவும் பிள்ளைங்களும் எங்க போவாங்கன்னு சொன்னதே நான்தான்."

விசாரணையில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அதையேதான் சொன்னாள், ஆடாவும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று. அவள் என்னை அடித்திருக்கலாம், அண்ணா. அடிக்க மாட்டாளா என்று இருந்தது.

பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள். "மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம். அங்க அவரோட இருந்தது நீ ஒருத்தன்தான். ஒன்னு மட்டும் சொல்லு. அவரு மூணு தடவை இழுத்தாரா, இல்லையா?"

இழுத்தார் என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் விசாரணையில் எழுதியது பொய், அவன்மேல் தப்பில்லை. ஆனால் அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான், நான் மறுமுனையில் நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உயிர் உள்ளவரை அவள் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். இழுக்கவில்லை என்று சொன்னால், தெரியாமலே மயங்கிப் போய்விட்டான், கஷ்டப்படவில்லை. ஆனால் அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தை அவன் பெயரோடு நின்றுவிடும். எந்தப் பொய் அவளுக்கு நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கு நினைவென்று ஒன்று இருந்தால்தானே உண்மையைச் சொல்ல. நான் அங்கே நின்றிருந்தேன், கயிறு என் கையில் இருந்தது, என்னிடம் ஒன்றுமே இல்லை.

"தெரியல, கிளாரா" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. லிஸ்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், நான் இப்படி ஆகும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று. நான் எங்கேயோ போயிருக்கிறேன், திரும்பி வந்ததும் பதில் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

நான் அங்கேதான் இருந்தேன், அண்ணா.

இர்வின்